சூடோமோனாஸ் என்று எழுதி முடித்துவிடாதீர்கள்

ஐப்பசி மழை பிடித்து, அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், சேரன்மகாதேவி பக்கமெல்லாம் பிசான நெல் பருவத்துக்குத் தொழி உழவு (சேற்று உழவு) ஆரம்பித்துவிட்டால், எங்கள் லேபில் சீழ் கல்ச்சர் பிளேட்டுகளை மறுநாளே தூக்கிப் போட நான் விடுவதில்லை. கூட வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு இது பழகிவிட்டது. "அக்கா, இது சும்மா சூடோமோனாஸ்தான், ரிப்போர்ட் போட்டுறட்டுமா?" என்று வந்து நின்றால் நான் கேட்பது மூன்றே கேள்வி. பச்சை நிறம் வந்திருக்கா? பேஷண்டுக்கு சுகர் உண்டா? எந்த ஊரு, என்ன வேலை? முதல் கேள்விக்கு "இல்லக்கா", இரண்டாவதுக்கு "ஆமா", மூன்றாவதுக்கு "வயக்காட்டு வேலை" என்று பதில் வந்தால் அந்த ரிப்போர்ட் அன்றைக்குப் போகாது. டாக்டருக்கு முதலில் ஒரு போன் போகும். ரிப்போர்ட் அப்புறம்தான். சூடோமோனாஸ் என்பது சீழில் சாதாரணமாகக் கிடைக்கிற கிருமி, பெரும்பாலும் பிளேட்டில் பச்சை நிறம் விடும். பச்சை வரவில்லை என்றால் அது வேறொன்றாகவும் இருக்கலாம்.

மெலியாய்டோசிஸ் என்கிற நோயின் கிருமி இப்படிச் சூடோமோனாஸ் என்ற பெயரில் தப்பிப் போவதைப் பற்றி ரொம்ப நாளாக விரிவாக எழுத நினைத்திருந்தேன். லேபில் வேலை பார்க்கிறவர்களுக்காகவும் எழுதுகிறேன், லேபுக்கு சாம்பிள் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்காகவும் எழுதுகிறேன். ஆகவே சிலருக்குத் தெரிந்த விஷயமும் நடுவில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்ச்சர் என்றால் என்ன நடக்கிறது? சீழ், ரத்தம், சிறுநீர், சளி, எது வந்தாலும் அதை ரத்த அகார், மெக்கான்கி அகார் (அகார் என்றால் கிருமி வளர்வதற்கான சத்துள்ள ஜெல்லி) பிளேட்டுகளில் இழுத்து இன்குபேட்டரில் வைக்கிறோம். மறுநாள் காலையில் காலனிகள், அதாவது கண்ணுக்குத் தெரிகிற கிருமிக் கூட்டங்கள், வந்திருக்கும். அதிலிருந்து ஒன்றை எடுத்து கிராம் ஸ்டெய்ன் (கிருமியை ஊதா, சிவப்பு என்று பிரிக்கிற சாயம், சிவப்பு என்றால் கிராம் நெகட்டிவ்) போட்டு, ஆக்சிடேஸ் என்கிற நொதி இருக்கிறதா என்று பார்த்து, சர்க்கரையை நொதிக்க வைக்கிறதா என்று பார்த்து, கிருமி இன்னதென்று ஒரு முடிவுக்கு வருகிறோம். கூடவே முல்லர் ஹின்டன் அகாரில் மருந்து டிஸ்க்குகளை (மருந்து ஏற்றிய சின்ன வட்டக் காகிதங்களை) வைத்து எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று பார்க்கிறோம். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. நடைமுறையில், ஒன்றுக்கொன்று நெருங்கிய சொந்தமான கிருமிகள் பிளேட்டில் ஒரே முகத்தோடுதான் வந்து நிற்கும். கிராம் நெகட்டிவ், மெக்கான்கியில் நிறமில்லை, சர்க்கரையை நொதிக்கவில்லை, ஆக்சிடேஸ் பாசிட்டிவ் என்று நாலு விஷயம் சேர்ந்துவிட்டால், வேலை நெருக்கடியில் கை தானாகவே 'சூடோமோனாஸ் ஸ்பீசிஸ்' என்று எழுதிவிடும். பெரும்பாலான நாட்களில் அது சரியாகவும் இருக்கும். சரியாக இல்லாத அந்த ஒன்றிரண்டு நாட்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அந்தக் கிருமியின் பெயர் பர்க்கோல்டேரியா சூடோமாலி. அது தருகிற நோய் மெலியாய்டோசிஸ். மண்ணிலும் தேங்கிய நீரிலும், குறிப்பாக நெல் வயல் சேற்றிலும் வாழ்கிற கிருமி. காலில் உள்ள வெடிப்பு, சிராய்ப்பு வழியாக உள்ளே போகும். பலத்த மழையும் காற்றும் அடிக்கிறபோது மூச்சு வழியாகவும் போகும். மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது மிக மிக அபூர்வம். ஆரோக்கியமான உடம்பில் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. சர்க்கரை நோய் உள்ளவர், சிறுநீரகம் கெட்டவர், குடிப்பழக்கம் முற்றியவர் என்றால் கதை வேறு. நுரையீரலில் நிமோனியாவாக வரும், கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டியாக வரும், மூட்டில் வரும், எலும்பில் வரும், ஒரே நாளில் ரத்தம் முழுக்கப் பரவி ஆளை ஐசியூவிலும் கொண்டுபோய்ப் போடும். மாதக்கணக்கில் இழுக்கிற காய்ச்சல், இருமல், எடை குறைதல் என்று வந்தால் காசநோய் என்றே எல்லோரும் நினைப்பார்கள். 2016இல் வந்த ஒரு ஆய்வு, உலகத்தில் வருஷத்துக்கு சுமார் 1,65,000 பேருக்கு இந்த நோய் வருகிறது, அதில் சுமார் 89,000 பேர் இறக்கிறார்கள் என்று கணக்கிட்டது. அந்தச் சுமையில் கிட்டத்தட்ட பாதி தெற்காசியாவில்தான் என்பதும் அதே கணக்கு. ஆனால் நம் ஊரில் பத்துப் பேரிடம் இந்த நோயின் பெயரைச் சொல்லிப் பாருங்கள், ஒருவர்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். வேலூர் சிஎம்சியும் மணிப்பாலும் வருஷக்கணக்கில் இதைக் கண்டுபிடித்து எழுதி வருகின்றன என்றால், அங்கே மட்டும் இந்தக் கிருமி அதிகம் என்று அர்த்தமில்லை. அங்கே தேடுகிறார்கள், கிடைக்கிறது.

இந்தக் கிருமி கண்டுபிடிக்கப்பட்ட கதையே நெருங்கிய சொந்தக்காரக் கிருமிகளைப் பிரித்துப் பார்த்த கதைதான் என்பதால் எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். 1911இல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோர் என்கிற நோய்க்குறியியல் மருத்துவரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் பிரேதப் பரிசோதனைகளில் ஒரு வினோதத்தைப் பார்த்தார்கள். நுரையீரலிலும் மற்ற உறுப்புகளிலும் சீழ் பிடித்து இறந்த ஏழைகள், அவர்களில் பலர் மார்ஃபின் ஊசிப் பழக்கம் உள்ளவர்கள். பார்த்தால் கிளாண்டர்ஸ் மாதிரி இருந்தது. கிளாண்டர்ஸ் குதிரை, கோவேறு கழுதைகளுக்கு வருகிற நோய், அதன் கிருமி இன்றைய பெயரில் பர்க்கோல்டேரியா மாலி. ஆனால் இறந்தவர்கள் குதிரையோடு சம்பந்தப்பட்டவர்கள் இல்லை. கல்ச்சர் செய்து பார்த்தபோது இந்தக் கிருமி நீந்தியது, கிளாண்டர்ஸ் கிருமி நீந்தாது. இது வேகமாக, செழிப்பாக வளர்ந்தது, பிளேட்டில் சுருக்கம் விழுந்தது. இருவரும் 1912இல் இந்தியன் மெடிக்கல் கெசட்டில் இதைப் புதிய நோய் என்றே எழுதினார்கள். மெஷின் கிடையாது, ஜீன் என்கிற பேச்சு கிடையாது. ஒரு சொட்டு கல்ச்சரைக் கண்ணாடியில் வைத்து, அசைகிறதா, நகர்கிறதா என்று உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் விட்மோர் பெயர் நிற்கிறது, விட்மோர் நோய் என்றும் சொல்வார்கள். கிருஷ்ணசாமி பெயரைப் பாதிப்பேர் விட்டுவிடுகிறார்கள். பாடம் எடுக்கிறவர்கள் தயவுசெய்து இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.

சரி, இன்றைக்கு ஒரு சாதாரண லேபில், கோடிக்கணக்கில் மெஷின் இல்லாத இடத்தில், இதை எப்படிப் பிடிப்பது? முடியும் என்பதுதான் நான் உரக்கச் சொல்ல விரும்புவது. ஒரு சாம்பிளை எடுத்துக்கொண்டு பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கல்லீரல் சீழ்க்கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த சீழ் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராம் ஸ்டெய்ன் போட்டு மைக்ராஸ்கோப்பின் ஆயில் இம்மர்ஷன் லென்ஸில் பார்த்தால், சீழ் செல்களுக்கு நடுவே மெல்லிய சிவப்புக் குச்சிகள். இரண்டு முனையும் அடர்த்தியாக நிறம் ஏறி, நடு வெளுத்து, மூடின ஊக்கு மாதிரி. எல்லாக் கிருமியும் அப்படி இருக்காது, பத்துப் பதினைந்து ஃபீல்டு நகர்த்தினால்தான் நாலு கிடைக்கும். அதை வைத்து முடிவுக்கு வரக்கூடாது, வேறு சில கிருமிகளும் இப்படி நிறம் ஏற்கும். ஆனால் மனதில் ஒரு மணி அடிக்க வேண்டும். மறுநாள் ரத்த அகாரில் சின்னச் சின்னதாக, வழவழப்பாக, பால் ஏடு நிறத்தில் காலனிகள். இந்த நாளில் அதைப் பார்த்து யாரும் சந்தேகப்பட முடியாது, அவ்வளவு சாதுவாக இருக்கும். மெக்கான்கியில் முதலில் நிறமில்லாமல் வந்து, இரண்டாம் நாள் லேசாக ரோஸ் நிறம் தட்டும். மூன்றாம் நாள் அதே ரத்த அகார் பிளேட்டைக் கொஞ்சம் சாய்த்து டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்தால், காலனிகள் உலர்ந்து, நடுவிலிருந்து விளிம்புக்கு மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, மேலே ஒரு உலோகப் பளபளப்போடு இருக்கும். ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பிளேட்டை ஒரே நாளில் ஆட்டோகிளேவுக்கு (நீராவியில் கிருமியைக் கொல்கிற கருவிக்கு) அனுப்பிவிடுகிற லேபில் இந்த முகத்தை யாரும் பார்க்கப்போவதே இல்லை. நான் பிளேட்டுகளை விடாமல் பிடித்து வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆக்சிடேஸ் பார்க்கிறபோது ஒரு சின்ன விஷயம். ஃபில்டர் பேப்பரில் ரீஏஜென்ட் விட்டு, காலனியை நிக்ரோம் லூப்பால் எடுத்துத் தேய்க்காதீர்கள், அந்தக் கம்பியே பொய்யாக நிறம் காட்டும். மரக்குச்சியோ பிளாஸ்டிக் லூப்போ போதும். பத்து செகண்டுக்குள் கருநீலம் வந்தால் பாசிட்டிவ். அரை நிமிஷம் கழித்து வருகிற நிறத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது.

அதற்கடுத்து மூன்று டிஸ்க். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், விலையும் மிகக் குறைவு. ஜென்டாமைசின் 10 மைக்ரோகிராம், கொலிஸ்டின் 10 மைக்ரோகிராம், கோ-அமாக்ஸிகிளாவ் 20/10 மைக்ரோகிராம். வழக்கமான சூடோமோனாஸான எருஜினோசா என்றால் கொலிஸ்டினைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வட்டம் இருக்கும், கோ-அமாக்ஸிகிளாவை அது மதிக்கவே மதிக்காது. நம்ம ஆள் நேர்மாறு. கொலிஸ்டின் டிஸ்க்கை ஒட்டியே வளர்ந்து நிற்கும், ஜென்டாமைசினுக்கும் பெரும்பாலும் அப்படியே, ஆனால் கோ-அமாக்ஸிகிளாவைச் சுற்றி அகலமாக வட்டம் விழும். ஆக்சிடேஸ் பாசிட்டிவ், இரண்டு டிஸ்க்குக்கு அடங்கவில்லை, மூன்றாவதுக்கு அடங்குகிறது என்றால், வேறு எதையும் எதிர்பார்க்காமல் டாக்டரைக் கூப்பிட்டுச் சந்தேகத்தைச் சொல்லிவிடலாம். இதன் சொந்தக்காரக் கிருமியான பர்க்கோல்டேரியா செபேசியாவும் கொலிஸ்டினுக்கு அடங்காது, ஆனால் அது கோ-அமாக்ஸிகிளாவுக்கும் அடங்காது என்பதால் இங்கேயே பிரிந்துவிடும். மலேசியாவில் சரவாக் பக்கம் ஜென்டாமைசினுக்கு அடங்குகிற சூடோமாலி உண்டு என்று பதிவாகியிருக்கிறது, ஆகவே ஒரு டிஸ்க்கை மட்டும் நம்பி விலக்கிவிடக் கூடாது. இன்னொன்று, கொலிஸ்டின் டிஸ்க்கை இங்கே கிருமியை அடையாளம் காண மட்டும்தான் வைக்கிறோம். அந்த வட்டத்தை அளந்து சிகிச்சைக்கான ரிப்போர்ட்டில் எழுதக்கூடாது. கொலிஸ்டின் அகாரில் சரியாகப் பரவாது, டிஸ்க் முறை அதற்குச் செல்லாது.

தொண்டை ஸ்வாப், சளி மாதிரி பல கிருமிகள் கலந்து வருகிற சாம்பிள் என்றால் ஆஷ்டவுன் அகார் கைகொடுக்கும். ஆஸ்திரேலியாவில் 1979இல் ஆஷ்டவுன் என்பவர் கொடுத்த செய்முறை, கிரிஸ்டல் வயலெட், நியூட்ரல் ரெட், கிளிசரால், ஜென்டாமைசின் எல்லாம் சேர்ந்தது. மற்றதெல்லாம் அடங்கிப் போக, இது மட்டும் ஊதா நிறத்தில் சுருங்கி எழும். வீட்டில் தோசைமாவு அரைப்பது போல லேபிலேயே தயாரிக்கலாம், ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு வாரம் வரை வைத்துப் பார்க்க வேண்டும். அப்படியும் கல்ச்சரில் வரவில்லை என்றால் நோயே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நோய் இருப்பவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு அறுபது பேரிடம்தான் கல்ச்சர் பிடிக்கும் என்பது தாய்லாந்துக் கணக்கு. ரத்தம், சிறுநீர், தொண்டை, சீழ் என்று கிடைக்கிற இடத்திலிருந்தெல்லாம் எடுத்து அனுப்பச் சொல்வது அதனால்தான்.

மெஷின் இருந்தால் இந்தத் தலைவலி எல்லாம் இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. மெஷின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வந்தால் சந்தோஷம்தான். மால்டி டாஃப் கருவி காலனியை லேசரால் தட்டி, அதிலிருந்து கிளம்புகிற புரதங்களின் எடையைப் படமாக வரைந்து, தன்னிடம் இருக்கிற லைப்ரரியோடு ஒப்பிட்டுச் சில நிமிஷத்தில் பெயரைச் சொல்லிவிடுகிறது. ஆனால் லைப்ரரியில் இல்லாத பெயரை அது எங்கிருந்து சொல்லும்? சூடோமாலியை உயிரி ஆயுதப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அதனால் வழக்கமாகக் கொடுக்கிற லைப்ரரியில் அது இல்லாமல் இருந்த காலம் உண்டு. அந்த நிலைமையில் மெஷின் பக்கத்திலிருக்கிற சொந்தக்காரர் பெயரைச் சொல்லும், பர்க்கோல்டேரியா தாய்லாண்டென்சிஸ் என்று. 1998இல் தனி இனமாகப் பிரிக்கப்பட்ட கிருமி அது, மண்ணில் வாழும், அரபினோஸ் சர்க்கரையைச் சாப்பிடும், மனிதருக்கு நோய் தருவது அபூர்வத்திலும் அபூர்வம். சூடோமாலி அரபினோஸைத் தொடாது. ஒரு மனிதரின் ரத்தத்திலிருந்து வந்த கிருமியை மெஷின் தாய்லாண்டென்சிஸ் என்று சொன்னால், அதைச் சூடோமாலி என்று சந்தேகப்பட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும். வைட்டெக் மாதிரி கருவிகளும் சில நேரம் செபேசியா என்று அச்சடித்துக் கொடுத்துவிடும். அச்சில் வந்துவிட்டது என்பதற்காகவே நம்பிவிடுகிற பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. மூன்று டிஸ்க் பிளேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெஷின் காகிதத்தைப் படியுங்கள், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் லேடெக்ஸ் அக்ளுட்டினேஷன் (ஆன்டிபாடி பூசிய துகள்கள் கிருமியோடு சேர்ந்து கட்டியாகின்றனவா என்று பார்ப்பது) இருக்கிறது, டிடிஎஸ்1 என்கிற ஜீனைத் தேடுகிற பிசிஆர் இருக்கிறது, அந்த வசதி உள்ள பெரிய மையங்களுக்கு முறைப்படி மூன்றடுக்குப் பெட்டியில் கட்டி அனுப்பலாம். கிருமியின் இனத்தை அடையாளம் காண வழக்கமாகப் படிக்கிற 16எஸ் ஜீனைப் படித்துவிட்டால் எல்லாம் தெளிவாகிவிடும் என்பதும் இங்கே எடுபடாது, சூடோமாலிக்கும் மாலிக்கும் அந்த ஜீன் கிட்டத்தட்ட ஒன்றேதான்.

எவ்வளவு தூரம் பிரித்துப் பார்ப்பது என்று ஒரு கேள்வி வரும். எல்லாக் கிருமியையும் கடைசி வரை போய்ப் பிரிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், அதற்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை. நான் வைத்திருக்கிற அளவுகோல், பெயர் மாறினால் மருந்து மாறுமா, சிகிச்சை நாட்கள் மாறுமா, பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு ஆபத்து மாறுமா என்பது. கிளெப்சியெல்லா நிமோனியேயா வேரிகோலாவா என்று மண்டையை உடைப்பதில் ஒரு சாதாரண லேபுக்கு லாபமில்லை, சென்சிட்டிவிட்டி (எந்த மருந்து கேட்கும் என்கிற முடிவு) சரியாக இருந்தால் போதும். அசினெட்டோபேக்டர் பவுமனியைக் கால்கோஅசெட்டிகஸ்-பவுமனி காம்ப்ளக்ஸ் என்று கூட்டாக எழுதினாலே டாக்டருக்கு வேலை நடக்கும்.

டைஃபாய்டு காய்ச்சலில் அப்படி இல்லை. கிருமி சால்மொனெல்லா டைஃபியா, பாராடைஃபி ஏயா என்று பிரித்துச் சொன்னால்தான் ஊரில் எது சுற்றுகிறது என்று தெரியும், ஏனென்றால் டைஃபாய்டுக்கு இப்போது போடுகிற விஐ தடுப்பூசி பாராடைஃபி ஏ-வைத் தடுக்காது. டிஎஸ்ஐ (சர்க்கரைகளும் இரும்பும் சேர்ந்த அகார்) டியூபில் டைஃபி கேஸ் விடாமல் மெல்லிய கறுப்புக் கோட்டோடு நிற்கும், பாராடைஃபி ஏ கேஸ் விடும், பெரும்பாலும் கறுக்காது, ஒரு டியூபில் பாதி வேலை முடிந்துவிடும். ஷிகெல்லாவும் ஈகோலையும் ஜீன் கணக்குப்படி ஒரே இனம், மால்டி டாஃப் அங்கே கை விரித்துவிடும், அசைவு, லைசின், ஆன்டிசீரம் என்று பழைய முறைதான் கதி. நிமோனியா தருகிற நிமோகாக்கஸையும் வாயில் சாதாரணமாக இருக்கிற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸையும் ஆப்டோசின் டிஸ்க்கும் பித்த உப்பும் பிரித்துவிடும். ஆப்டோசினை 5 சதவீதக் கார்பன் டை ஆக்ஸைடில் வைத்துப் படிக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள், 2004இல் விவரிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூடோநிமோனியே வெறும் காற்றில் நிமோகாக்கஸ் மாதிரியே நடிக்கும். ஸ்டாஃபில் லுக்டுனென்சிஸ் ஸ்லைடு கோஆகுலேஸ் சோதனையில் ஸ்டாஃபில் ஆரியஸ் போலக் கட்டும், டியூபில் கட்டாது. இதய வால்வைத் தின்பதில் ஆரியஸுக்குச் சளைத்ததில்லை, ஆகவே 'கோஆகுலேஸ் நெகட்டிவ், தோலிலிருந்து வந்த கலப்படம்' என்று ஒதுக்கிவிடக் கூடாது. இவை ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவே எழுதலாம், இன்னொரு நாள் பார்ப்போம்.

மெலியாய்டோசிஸில் மருந்து, சிகிச்சை நாட்கள், பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு (இங்கே லேபில் பிளேட்டைக் கையாள்கிறவர்களுக்கு) ஆபத்து என்று அளவுகோலில் சொன்ன மூன்று கேள்விக்குமே பதில் 'ஆமாம்' என்பதால்தான் இவ்வளவு சத்தம் போடுகிறேன். நம் பக்கம் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் காய்ச்சலுக்கு முதலில் ஏறுகிற ஊசி செஃப்ட்ரியாக்ஸோன். இந்த நோய்க்கு அது போதாது. செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் நரம்பு வழியாகக் குறைந்தது பத்து முதல் பதினான்கு நாள், சீழ் ஆழமாக இருந்தால் இன்னும் அதிகம். அதோடு முடியாது. அப்புறம் கோட்ரைமாக்ஸசோல் மாத்திரை குறைந்தது மூன்று மாதம். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று நடுவில் நிறுத்தினால் திரும்ப வரும். 'சூடோமோனாஸ்' என்று ரிப்போர்ட் போனால் என்ன ஆகும்? டாக்டர் ஒரு வாரம் மருந்து கொடுத்து, தேறிவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அந்த டாக்டர் மேல் ஒரு தப்பும் கிடையாது, லேப் கொடுத்த பெயருக்கு அதுதான் சரியான வைத்தியம்.

சேரன்மகாதேவி பக்கத்திலிருந்து ஒரு விவசாயியின் மகன் சாம்பிளோடு வந்தது ஞாபகம் வருகிறது. அப்பாவுக்கு ரொம்ப நாள் சுகர், காய்ச்சல், இருமல், இடுப்பு எலும்புக்குப் பக்கத்தில் கட்டி. வேறோர் இடத்தில் எக்ஸ்ரேயைப் பார்த்துக் காசநோய் மருந்து ஆரம்பித்து, வாரக்கணக்கில் சாப்பிட்டும் காய்ச்சல் நிற்கவில்லை. சளியில் காசநோய்க் கிருமி ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை. கட்டியிலிருந்து எடுத்த சீழ்தான் எங்களிடம் வந்தது. ரிக்வெஸ்ட் ஃபார்மில் 'பஸ் கல்ச்சர்' (சீழ் கல்ச்சர்) என்று மட்டும் எழுதியிருந்தது. அவரிடமே கேட்டேன், "தம்பி, அப்பாவுக்கு என்ன வேலை?" "வயல்தான்க்கா, இப்பமும் மடை பாக்கப் போயிருவாரு, சொன்னாக் கேக்க மாட்டாரு, செருப்பும் போட மாட்டாரு." மூன்றாம் நாள் பிளேட்டைப் பார்த்தபோது எங்களுக்குச் சந்தேகம் இல்லை, டிஸ்க்கும் அதையே சொன்னது. டாக்டருக்குப் போன் செய்தேன், அன்று மாலையே மருந்து மாறியது. மறுநாள் மகன் வந்து, "என்னக்கா, டிபி இல்லன்னு சொல்லுதாங்க, பின்ன என்ன சீக்கு இது?" என்று கேட்டார். மண்ணிலிருந்து வருகிற கிருமி, வைத்தியம் இருக்கிறது, ஆனால் மாத்திரையை மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும் என்று சொன்னேன். "மண்ணுலயிருந்தா? அப்ப வயலுக்கே போகக் கூடாதா?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. போகக்கூடாது என்று யார் சொல்ல முடியும்? காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்க வேண்டாம், இறங்கியே ஆக வேண்டும் என்றால் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். நான் சொன்னது அவ்வளவுதான். பூட்ஸ் போட்டுக்கொண்டு தொழியில் நாற்று நட முடியாது என்று அவர் சொன்னார். அதுவும் உண்மைதான், அதற்கு என்னிடம் பதில் இல்லை. விவசாயத் துறையும் சுகாதாரத் துறையும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் பக்கம் கொட்டின மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை தாண்டி வீட்டுக்குள் வந்தது, இடுப்பளவு தண்ணீரில் சுகர்காரர்களும் வயதானவர்களும் மணிக்கணக்கில் நின்றார்கள். இந்தக் கிருமி உடம்புக்குள் போனால் பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரும், சிலரிடம் மாதங்கள், வருஷங்கள் கழித்தும் தலைகாட்டும். வெள்ளம் வடிந்த பிறகு வருகிற காய்ச்சல் என்றால் எலிக்காய்ச்சலும் டெங்குவும் எல்லோருக்கும் ஞாபகம் வருகின்றன. மூன்றாவதாக இந்தப் பெயரும் ஞாபகம் வர வேண்டும்.

லேபில் வேலை பார்க்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு விஷயம், இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பிளேட்டைத் திறந்து முகர்ந்து பார்க்காதீர்கள். சூடோமோனாஸ் எருஜினோசாவைத் திராட்சை வாசனையால் கண்டுபிடிக்கிற வழக்கம் பரம்பரையாக வந்தது, எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர்களும் அப்படித்தான் செய்தார்கள். சூடோமாலிக்கும் மண் வாசனை மாதிரி ஒன்று உண்டு என்று புத்தகத்தில் படித்துவிட்டு அதைச் சோதிக்க ஆசைப்பட வேண்டாம், மூச்சு வழியாகப் போகிற கிருமி இது. சந்தேகம் வந்த நிமிஷமே பிளேட்டைச் சுற்றி டேப் ஒட்டி, பயோசேஃப்டி கேபினெட்டுக்குள் (கிருமி காற்றில் வெளியே வராமல் தடுக்கிற பெட்டிக்குள்) கொண்டுபோய் அங்கேதான் திறக்க வேண்டும். யார் யார் அந்தப் பிளேட்டைக் கையாண்டார்கள் என்று எழுதி வையுங்கள். உங்களுக்கே சுகர் இருந்தால் அந்தப் பிளேட்டை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

டாக்டர்களுக்கு, முக்கியமாக இப்போதுதான் படித்து முடித்து ஊர்ப் பக்கம் வேலைக்கு வந்திருக்கிற இளையவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரிக்வெஸ்ட் ஃபார்மில் 'பஸ் கல்ச்சர்', 'பிளட் கல்ச்சர்' என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். சுகர் இருக்கிறதா, வயல் வேலையா, காய்ச்சல் எத்தனை நாள், காசநோய் மருந்து ஓடுகிறதா, ஸ்கேனில் கல்லீரலிலோ மண்ணீரலிலோ கட்டி தெரிகிறதா என்று ஒரே வரியில் கிறுக்கினால் போதும், கையெழுத்து எப்படி இருந்தாலும் நாங்கள் படித்துக்கொள்வோம். அந்த ஒரு வரி இருந்தால் நாங்கள் பிளேட்டை மூன்று நாள் வைத்திருப்போம், ஆஷ்டவுனிலும் போடுவோம், கேபினெட்டுக்குள் வைத்தே வேலை பார்ப்போம். 'சூடோமோனாஸ் ஸ்பீசிஸ்' என்று எந்த லேபிலிருந்து ரிப்போர்ட் வந்தாலும், பேஷண்ட் சுகர்காரராக இருந்தால், போனை எடுத்து இரண்டு கேள்வி கேளுங்கள். கொலிஸ்டின் டிஸ்க் என்ன சொன்னது, கோ-அமாக்ஸிகிளாவ் என்ன சொன்னது. அந்த இரண்டு டிஸ்க்கையும் வைக்கவே இல்லை என்று சொன்னார்கள் என்றால், பிளேட்டைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், மறுநாள் காலையில் பதில் கிடைத்துவிடும்.